நான்கு மணிப் பால்

திரும்பி வந்தோர் உதவி அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'படிவக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டு வேலையை முடித்து வருகிறவர்களின் வீடுகளுக்குப் போய், காலாவதியான ரேஷன், அடையாள அட்டைகளைப் புதுப்பித்து, உள்ளூரில் ஒரு வேலையில் சேர்த்துவிடுவது அவள் பொறுப்பு. தோள்பை நிறையப் படிவங்கள். அவளே ஏழு வருஷம் அந்நிய நாட்டில் வீட்டு வேலை பார்த்தவள். அதனால் "அங்க எப்படி இருந்துச்சு?" என்று யாரையும் கேட்க மாட்டாள்.

ஒரு நாள் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரி வந்து ரெண்டு மாசமாச்சு. அவள ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா வீட்ல நாங்க மூணு பேரு. நாலு பேரு இருக்கற மாதிரி இருக்குங்க."

மறுநாள் மத்தியானம் படிவக்கா அங்கே போனாள். அவர் கடையில் இருந்தார். மனைவி கதவைத் திறந்தாள். வெளிநாட்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள்; அதில் கடைசி நாலு வருஷம் ஒரு குழந்தையைப் பிறந்த நாள் முதல் வளர்த்தவள். அவள் கிளம்பியபோது சொந்த மகளுக்கு மூன்று வயது, இப்போது பன்னிரண்டு. பள்ளி விடுமுறையில் வீட்டில் இருந்த மகள், "நீங்க உக்காருங்கம்மா, நான் எடுத்துட்டு வரேன்" என்று தாயிடமே விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசினாள். காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஆள் தேவை என்று படிவக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் கடிகாரம் கிடையாது. ஆனாலும் சரியாக நான்கு மணிக்கு அந்தப் பெண் பாதிப் பேச்சில் எழுந்தாள். பாலைச் சுடவைத்தாள். ஊதி ஊதி ஆற்றி, பின்னறைக்குள் கொண்டுபோனாள்.

"எழுந்திரு செல்லம், குடி" என்று படிவக்காவுக்கும் தெரிந்த அந்த நாட்டு மொழியில் கொஞ்சினாள்.

உள்ளே இருந்து ஒரு சின்னக் குழந்தையின் குரல், அதே மொழியில், "சுடுதா?" என்றது.

படிவக்கா கையிலிருந்த படிவத்தைக் கீழே வைத்தாள். மெல்ல எழுந்து கதவிடுக்கில் பார்த்தாள். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கித் தன்னால் முடிந்தவரை சின்னதாகச் சுருண்டு கிடந்தாள் அந்த மகள்.

வழியனுப்ப வாசல்வரை வந்தபோது மகள் தானாகவே சொன்னாள்.

"நான் கூப்பிட்டா அம்மா திரும்பக்கூட மாட்டாங்க ஆன்ட்டி. அந்தப் பாப்பா மாதிரி பேசினா தலையத் தடவிக் குடுப்பாங்க."

"எங்க கத்துக்கிட்ட?"

"அவ பேசினதெல்லாம் அம்மா போன்ல இருக்கு. இப்பல்லாம் தூங்கி எழுந்தா மொதல்ல அவ குரல்தான் வருது."

அந்தக் குழந்தையோடு ஒரு தடவை பேசிவிட்டால் மனசு ஆறும் என்று, அந்த வாரமே படிவக்கா தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய முதலாளி வீட்டுக்குப் போன் போட்டாள். குழந்தைதான் எடுத்தது. தாய் தன் பெயரைச் சொன்னாள்.

குழந்தை சிரித்தது. "பொய். அவ இங்கதான் அடுப்படில இருக்கா." பிறகு அதே பெயரைச் சொல்லிக் கத்தியது. தூரத்தில் ஒரு பெண் குரல், "இதோ வந்துட்டேன் செல்லம்" என்றது.

தாய் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. தொடர்பு அறுந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள். படிவக்காவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. புதிதாக வருகிற வேலைக்காரிக்குப் பழையவளின் பெயரையே வைத்துவிடுவார்கள். அவளையும் ஏழு வருஷம் யாரோ ஒருத்தியின் பெயரால்தான் கூப்பிட்டார்கள்.

மறுநாள் நான்கு மணிக்குப் பால் வரவில்லை. மகள் கட்டிலில் காத்துக் கிடந்தாள். குழந்தைக் குரலில் இரண்டு தடவை கூப்பிட்டாள். வீடே ஆளில்லாததுபோலக் கிடந்தது. பயத்தில் அவளுக்குச் சொந்தக் குரல் வந்துவிட்டது.

"அம்மா! எங்க இருக்க நீ?"

தாய் கதவருகே வந்து நின்றாள். கட்டிலுக்கு வெளியே நீண்டுகொண்டிருந்த கால்களை வெகுநேரம் பார்த்தாள்.

"நீ எப்ப இவ்ளோ வளந்த?" என்று கேட்டாள்.

இப்போது அவளுக்குச் சலவைப் பிரிவில்தான் வேலை. பள்ளி விட்டதும் மகள் நேராக அங்கே போய்விடுகிறாள். இருவரும் தெருவில் சேர்ந்து வருவதைப் படிவக்கா அடிக்கடி பார்க்கிறாள். தாய் தலையசைத்துக்கொண்டே நடப்பாள். மகள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு வருவாள், ஒரு நொடி நிறுத்தினாலும் வேறு யாராவது பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்பதுபோல.