கண்ணோரத்தில் நின்ற ஆள்

டெல்லியில், முனிர்காவில் ஒரு தோழியோடு அறை எடுத்துத் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை குழாயில் தண்ணீர் வரவில்லை. பஸ் கம்பியைப் பிடித்து வந்த கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு கான்டாக்ட் லென்ஸைக் கழற்றினேன். இடது லென்ஸ் வந்தது. வலது லென்ஸ் விரலிலும் இல்லை, கண்ணிலும் தெரியவில்லை.

"கீழதாண்டி விழுந்திருக்கும்," என்றாள் தோழி. தரையெல்லாம் தேடினோம். காலையில் புது லென்ஸ் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து வலது கண்ணின் ஓரத்தில் யாரோ நின்றார்கள். திரும்பினால் ஆள் இல்லை. வகுப்பிலும் பஸ்ஸிலும் அதே இடத்தில், மங்கலாக, அசையாமல். "யாரைடி பாக்கறே?" என்று கேட்ட தோழி, மெல்லத் தள்ளி உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் கண் சிவந்து வீங்கியது. டாக்டர் மேல் இமையைப் புரட்டி, மடிந்து ஒட்டிக் கிடந்த பழைய லென்ஸை எடுத்தார். கை கழுவினாயா என்று இந்தியில் கேட்டார். இல்லையென்று தலையசைத்தேன்.

நின்ற ஆள் அன்றே மறைந்துவிட்டார். இப்போது சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்த பிறகுதான் கண்ணைத் தொடுகிறேன். டப்பாவில் இரண்டு லென்ஸும் மிதப்பதைப் பார்த்த பிறகும், வலது இமையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுகிறேன்.