சென்னையில் சித்தி இருக்கும்போது ரூம் எதற்கு?

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும், நானும் என் கணவரும் தனியாக எங்கேயும் போய்த் தங்கியதில்லை. எனக்குப் பிறந்த வீடு விழுப்புரம், புகுந்த வீடு திண்டிவனம். நடுவில் முக்கால் மணி நேர பஸ் பயணம். எங்கள் தேனிலவு அந்தத் தூரத்துக்குள்ளேயே முடிந்துபோனது. அங்கே நாலு விருந்து, இங்கே ஆறு விருந்து. அதனால் இந்த வருடம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடிந்த கையோடு சென்னைக்குப் போய் இரண்டு இரவு தங்குவதென்று முடிவு செய்தோம். பெரிய ஆசை ஒன்றுமில்லை. யாரும் நடுவில் கூப்பிடாத ஓர் இடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான்.

சென்னையில் எங்கே தங்குவது என்று எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: சொந்தக்காரர் வீடு. என் மாமியாரின் தங்கை தாம்பரத்தில் இருக்கிறார். தங்கமான சித்தி. ஆனால் வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். போன முறை போனபோது பெண்களுக்கு அறை, ஆண்களுக்குக் கூடம் என்று பாய் விரித்துவிட்டார். விடிய விடியச் சித்தப்பாவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு என் கணவர் விழித்திருந்தார். காதல் பயணத்துக்கு இது உதவாது.

சரி, ரூம் போடலாம் என்றால் அந்த வார்த்தையே தகராறு. எங்கள் ஊரில் "ரூமு போட்டுக்கீறாங்க" என்றால், ஒன்று மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள், இல்லை யாரோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. அதை என் மாமியாரான அத்தை குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். இதையெல்லாம் யோசித்து, அத்தை எங்கே தங்கப்போகிறீர்கள் என்று கேட்டபோது என் கணவர் பட்டென்று "சித்தி ஊட்லதாம்மா" என்று சொல்லிவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை.

இடம் தேடும் வேலை என்னுடையது. எழும்பூரில் ஸ்டேஷனை ஒட்டியே மலிவான அறைகள் கிடைக்கும். ரயில் சத்தமும் சேர்ந்தே கிடைக்கும். தி.நகரில் தங்கினால் பயணம் புடவைக் கடையில் முடியும், என்னை எனக்குத் தெரியும். கடைசியில் மயிலாப்பூரைத் தாண்டி, கலங்கரை விளக்கத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு சின்ன ஹோட்டலைப் பிடித்தேன். ஓர் இரவுக்கு 2,200 ரூபாய், காலை டிபன் உண்டு. "கடல் தெரியும் அறை" என்று போட்டிருந்தார்கள். அதில்தான் விழுந்தேன்.

திண்டிவனத்தில் காலை ரயிலைப் பிடித்தோம். எழும்பூருக்குச் சுமார் 120 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் வண்டி நின்றதும் என் கணவர் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டார். அவர் போட்டிருந்தது செருப்பு. எழும்பூரிலிருந்து ஆட்டோவுக்கு 220 ரூபாய் ஆனது.

ரிசப்ஷனில் நெற்றியில் சந்தனம் வைத்த ஒரு பையன் எங்கள் ஆதார் அட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"மேடம், சார் அட்ரஸ் திண்டிவனம். உங்களுது விழுப்புரம், அப்பா பேரு வேற போட்டிருக்கு. கப்பிள்னா கல்யாண ப்ரூஃப் வேணும் மேடம், ஓனர் ரூல்."

கழுத்தில் தாலி, காலில் மெட்டி, பக்கத்தில் வியர்த்து வழியும் கணவர். இதற்கு மேல் என்ன ப்ரூஃப்? போனில் இருந்த கல்யாணப் போட்டோவை நீட்டினேன்.

"போட்டோ எல்லாருமே காட்றாங்க மேடம். வீட்ல பெரியவங்க யாராச்சும் வீடியோ கால்ல சொன்னா போதும்."

எனக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடம் காத்திருந்தது இந்தக் கவுண்டரில் நின்று நான் யார் பெண்டாட்டி என்று நிரூபிக்கவா? அப்பாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை; வழக்கம்போல போனை வீட்டில் வைத்துவிட்டு வயலுக்குப் போயிருப்பார். மிச்சம் இருந்தது அத்தை. கூப்பிடாவிட்டால் தாம்பரம்தான், அதே கூடம், அதே பாய். என் கணவர் என்னைப் பார்த்தார். "கூப்பிடுங்க" என்றேன்.

மொட்டை மாடியில் காயும் மல்லாட்டைக்கு நடுவே அத்தையின் முகம் வந்தது. "இன்னாடா, சித்தி ஊட்டுக்குப் போய்ச் சேந்துட்டீங்களா?"

என் கணவர் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார். அத்தை கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே போட்டார்.

"போனை அந்தத் தம்பிகிட்ட குடு," என்றார் அத்தை. "இன்னா தம்பி, அது என் மருமவ. தாலி கட்டும்போது நான் பக்கத்துல நின்னுக்கினு பாத்தேன், போதுமா? புள்ள ரயில்ல வந்து களைச்சுப் போயி நிக்கிது. ஜல்தியா சாவியக் குடு. சும்மா பேஜாரு பண்ணிக்கினு."

அடுத்த நிமிடம் சாவி என் கையில் இருந்தது. அத்தை என்னைக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"ஏம்மா, ரூமு போட்டுக்கினு போறோம்னு சொல்லியிருந்தா நான் வாணாம்னா சொல்லப்போறேன்? தங்கச்சிக்கு நான் சொல்லிக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் போவாதீங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அறையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடல் தெரிகிறது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவில், புடவை பார்டர் அகலத்துக்கு. ஆனால் காலையில் அந்த பார்டர் வழியாகத்தான் வெயில் வந்து கட்டிலில் விழுந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை. காபி போட நான் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தனக்குப் பாட்டுப் பாட ஆசை இருந்ததாக என் கணவர் சொன்னார். இரண்டு வருடத்தில் இப்போதுதான் எனக்கு அது தெரிகிறது. அன்று சாயங்காலம் மணலில் உட்கார்ந்து பாடவும் செய்தார். சுமாராகத்தான் பாடினார், எனக்குப் பிடித்திருந்தது.

பாட்டுக்கு நடுவில் அத்தையின் வீடியோ கால். கடலைக் காட்டச் சொன்னார், காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அந்த மூன்றாவது காரணத்துக்கென்று வைத்திருக்கும் குரலில் கேட்டார்:

"ஏம்மா, அங்க ரெண்டு பேருக்கு ரூமு போடணும்னா எவ்ளோ ஆவும்?"

"யாருக்கு அத்தை?"

"மாமாவுக்கும் எனக்குந்தான்."

எங்களைப் போல ஜோடியாகச் சென்னை போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பதிவு செய்யும் முன்பே போன் போட்டு, தம்பதி என்றால் என்ன கேட்பார்கள் என்று விசாரியுங்கள். சட்டத்தில் இப்படி ஒன்றும் இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் கவுண்டரில் நின்று சட்டம் பேசினால் மாலை போய்விடும். ஆதாரில் முகவரி மாற்றாத பெண்கள் கல்யாணச் சான்றிதழின் நகல் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்குப் பக்கம், கடைக்குப் பக்கம் என்றெல்லாம் பார்க்காமல், காலையில் எழுந்து என்ன பார்க்க ஆசையோ அதற்குப் பக்கத்தில் தங்குங்கள். முடிந்தால் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

அத்தையின் ஆதாரில் மாமா பெயர் இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அதைத்தான் பார்த்தேன். அதே ஹோட்டல், அதே அறை, இரண்டு இரவு. ரூம் போட்டாயிற்று. தாம்பரம் சித்திக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.