தட்டு எடுத்துப் போகாத கதைகள்

போன வருடம் டிசம்பர் பிறந்ததும் என் மகன் ஒரு தடிப் புத்தகம் வாங்கி வந்தான். விடுமுறையில் படிப்பதற்கான பண்டிகைக் கதைகள். கிறிஸ்துமஸ் வரைக்கும் நாளுக்கு ஒன்று என்று மருந்துச் சீட்டு மாதிரி பிரித்துப் போட்டிருந்தார்கள். அட்டையில் பனி கொட்டுகிறது, ஒரு வீட்டு ஜன்னலில் மஞ்சள் விளக்கு எரிகிறது. ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் அன்றைக்கு முழங்கால் மட்டும் மழைத் தண்ணீர். "படிம்மா, பொழுது போகும்" என்றான். என் பொழுது எப்போது போகாமல் நின்றதைப் பார்த்தானோ தெரியவில்லை.

நான் அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவள். தடுக்காமல் படிப்பேன். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால்தான் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். மாதா கோயிலில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டபோதுகூட ஜுரம் என்று சொல்லிவிட்டேன். நான் வாசித்துக் கேட்ட ஒரே ஆள் எதிர்வீட்டுக்காரி. விடியற்காலை காசிமேட்டில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்பவள். அவள் குரல் தெருவுக்குள் நுழைந்தால் தூங்குகிற பூனை எழுந்து உட்காரும். மத்தியானம் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் வீட்டுக்குள் வந்து, விசிறிக்கு நேராகக் காலை நீட்டுவாள். நான் படிப்பேன்.

என்ன கதைகள் அவை! எல்லா ஊரிலும் குளிர். எங்கள் பக்கம் டிசம்பர் குளிர் என்றால் விசிறியை ஒரு நம்பர் குறைப்போம், அவ்வளவுதான். எல்லாக் கதையிலும் ஓர் ஏழைக் குழந்தை. அதற்குக் கிழிந்த சட்டை, ஆனால் முகம் மட்டும் கழுவித் துடைத்தது போல் இருக்கும். ஒரு பணக்காரக் கிழவன் முக்கால் கதை வரை முறைத்துக்கொண்டே இருந்துவிட்டு, கோயில் மணி அடித்ததும் கண் கலங்குவான். மணி அடித்துத் திருந்துகிற மனுஷனை நான் இந்த வயது வரை பார்த்ததில்லை. எங்கள் தெருவில் மணி அடித்தால், யார் முதலில் போய்க் கோயிலில் விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பது என்றுதான் ஓடுவார்கள். அப்புறம், இந்தக் கதைகளில் ஏழைகள் ஒருத்தரை ஒருத்தர் திட்டுவதே இல்லை. அது எந்த ஊர் ஏழையோ.

எதிர்வீட்டுக்காரிக்கோ ஒவ்வொரு கதைக்கும் கண்ணீர்தான். "படி யக்கா, படி. அந்தப் புள்ள இன்னாச்சு?" என்பாள். ஆள் வாங்கவில்லை என்றால் சங்கரா மீனை முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டிச் சண்டை போடுகிறவள், கதையில் ஒரு நாய்க்குட்டி நனைந்தால் முந்தானையை எடுத்துவிடுவாள்.

அவள் அழுததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய ஒரே மகள் அந்த வருஷம் கோடையில் வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் மீஞ்சூர்க்காரன், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான், வேறு சாமி கும்பிடுகிறவர்கள். மகள் போன் பண்ணினாள், இவள் எடுக்கவில்லை. அப்புறம் மகளும் பண்ணவில்லை. மீஞ்சூர் என்ன கப்பல் ஏறிப் போகிற ஊரா? ரயில் ஏறினால் வெற்றிலை மென்று துப்புவதற்குள் வந்துவிடும். ஆனாலும் இவள் அசையவில்லை. "அவளா வரட்டும். பண்டிகைக்கு வருவா பாரு. அன்னிக்கு எந்தப் புள்ளயும் ஆத்தா வூட்ட வுட்டு இருக்காது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சீக்கிரமே நட்சத்திரம் கட்டிவிட்டாள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள்.

அதற்கு ஏற்றாற்போல் புத்தகமும் அமைந்தது. ஒன்று விட்டு ஒரு கதையில் ஓடிப்போன பிள்ளை திரும்பி வந்தது. எப்போதும் பண்டிகைக்கு முந்தின ராத்திரி, எப்போதும் பன்னிரண்டு மணி. கதவு தட்டும் சத்தம். அம்மா திறப்பாள். வெளியே பனி. கட்டிப்பிடிப்பார்கள். முற்றும். படித்துப் படித்து எனக்கு வாய் கசந்தது. இதை எழுதினவர்களுக்கு வீட்டில் வேறு வேலை இல்லையா? வந்த பிள்ளை சாப்பிட்டதா, செருப்பை எங்கே விட்டது, கூட வந்த மாப்பிள்ளை எந்தப் பாயில் படுத்தான், ஒன்றும் கிடையாது.

பண்டிகை நெருங்கிவிட்டது. அன்றைக்கு வந்த கதையிலும் ஒரு மகள் பனியில் நடந்து வந்தாள். எதிர்வீட்டுக்காரி மூக்கைச் சிந்திவிட்டு, "பாத்தியா யக்கா? வந்துட்டா பாத்தியா? நம்ம பொண்ணும் வந்துகினே கீறா, எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. புத்தகத்தை மூடிக் கீழே போட்டேன்.

"இந்தக் கதையில இருக்கிற பொண்ணுக்குத் தலைப் பண்டிகையாடி இது?"

"இன்னா யக்கா?"

"உன் பொண்ணுக்குத் தலை கிறிஸ்துமஸ். தட்டு எடுத்துனு போயி யாரு கூப்ட்டது? அவ எப்டி வருவா?"

வெளி ஆட்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கல்யாணமான பெண்ணுக்கு முதல் பண்டிகை என்றால் தாய் வீட்டிலிருந்து தட்டு போக வேண்டும். துணி, பூ, பழம், பலகாரம் வைத்து, மாமியார் வீட்டு வாசலில் நின்று, ரெண்டு பேரும் வரணும் என்று வாயால் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் பெண் வந்தால் புகுந்த வீட்டில் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள். இது இவளுக்குத் தெரியாததா? ஊரில் எத்தனை தட்டுக்கு முன்னால் நடந்தவள்! பனிக் கதையைக் கேட்டுக் கேட்டு, தட்டையே மறந்துபோய்க் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஓடிப்போனவளுக்கு இன்னா தட்டு?" என்று எழுந்தாள். "நீ படிக்கிறவ, படி. எனுக்கு நாயம் சொல்ல வராத." கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சில நாள் வரவில்லை. நான் தனியாகப் படித்தேன். ஒரு கதையில் கலைமான் பேசியது. அதோடு மூடிவிட்டேன். வாழ்க்கையில் ஒரு முறை வாயைத் திறந்தேன், கேட்க இருந்த ஒருத்தியும் போய்விட்டாள் என்று இருந்தது.

பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் தலையெல்லாம் மைதா மாவோடு வந்து நின்றாள். "கல்கல் போட்டேன், அச்சு முறுக்கு போட்டேன். தட்டு இல்ல, உன் எவர்சில்வர் தட்டக் குடு. பொடவ மாத்திகினு கெளம்பு."

"நான் எதுக்குடி?"

"அய்ய! தனியாப் போனா எனுக்கு வாய் வராது யக்கா."

வாய் வராதாம். அதற்கு என்னைக் கூட்டிப்போகிறாளாம்.

வண்ணாரப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினோம். மடியில் தட்டு, அதன் மேல் ஜரிகைக் காகிதம். வழி முழுக்க அவள் அந்தக் காகிதத்தை நீவிக்கொண்டே வந்தாள். எண்ணூர் தாண்டி, தண்டவாளத்து ஓரச் செடியெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் பூத்து வெள்ளையாக நின்ற இடத்தில் மட்டும் என்னை இடித்தாள். "யக்கா, உன் புக்குல வர்ற பனி!" சிரித்தாள். எதிரில் இருந்த அம்மா எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மீஞ்சூரில் விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் மகளே உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. உள்ளே இருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள், பக்கத்து வீட்டில் இரண்டு தலைகள் எட்டின. எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தேன். காசிமேட்டையே அதட்டுகிற வாய் பூட்டிக் கிடக்கிறது. கை மட்டும் ஜரிகைக் காகிதத்தை மறுபடி நீவுகிறது. காகிதம் கிறுகிறு என்று சத்தம் போடுகிறது.

வேறு வழி? என் வாய்தான் இருந்தது. "தலைப் பண்டிகைக்கு நாளைக்கு ரெண்டு பேரும் வந்துடணும்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மாமியார், "இன்னாம்மா?" என்று காதைக் கொடுத்தாள். மறுபடி சொன்னேன். இந்த முறை பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். "இப்பதான் வழி தெரிஞ்சிதா ஒனக்கு? எனக்கு நாதியில்லியான்னு இங்க ஆளாளுக்குக் கேட்டுகினு கீறாங்க. தட்டு வருது வருதுன்னு ரோட்டப் பாத்துப் பாத்து எங் கண்ணு பூத்துப்போச்சு!"

"நீ வருவேன்னு நானுந்தான்..." என்று இவள் இழுத்தாள்.

"தட்டு இல்லாம எப்டிமே வருவேன்? நீதான ஊருக்கெல்லாம் சொல்லுவ!"

யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. மகள் கை முழுக்க மீன். மாமியார் தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, எங்களுக்கு டீ போட்டாள். சர்க்கரை தூக்கலாக. மகள் ஒரு கல்கல்லை வாயில் போட்டு, "எண்ணெ காயறதுக்கு முன்னாடியே போட்டியா?" என்றாள். அதற்கு இவள் பதில் சொல்ல, அதற்கு அவள் பதில் சொல்ல, அம்மாவும் மகளும் நெத்திலிக் கிண்ணத்தை நடுவில் வைத்து ஆய்ந்துகொண்டே சண்டை போட்டார்கள். மாமியாரும் நானும் டீ குடித்தோம்.

மறுநாள் மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கும்போது இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மணியும் இல்லை, பனியும் இல்லை. மாப்பிள்ளை மூன்று வாட்டி பிரியாணி வாங்கிச் சாப்பிட்டான்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி தெரு நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்: "யக்கா படிச்ச கதையில வந்த மாரியே ஆச்சும்மே! அப்பிடியே வந்து நின்னா எம் பொண்ணு. புக்குல போட்டா சும்மாவா?"

எழுந்து போனது இவள் கால். மாவு பிசைந்தது இவள் கை. பேர் மட்டும் அந்தப் புத்தகத்துக்கு. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். போய்ச் சொல்லியிருக்கலாம். தெருவில் அத்தனை பேர் இருந்தார்கள். உள்ளே வந்துவிட்டேன்.

என் எவர்சில்வர் தட்டு இன்னும் மீஞ்சூரில்தான் இருக்கிறது. வெறும் தட்டாகத் திருப்பித் தரக் கூடாது என்று மாமியார் வைத்திருக்கிறாளாம். அது என் கல்யாணத்துக்கு வந்த தட்டு.