பின்னால் நிற்பவரைக் காட்டும் தகடு

ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். டவுன் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாரே ஒழிய, பஸ் அவரை விட்டு இறங்கவில்லை. கூடத்திலிருந்து சமையலறைக்குத் திரும்பும்போதும் இருபக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். திடுக்கிட்டால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். டி.வி.யில் கார்கள் மோதிக்கொண்டால் அவர் மனைவி படத்தை விட்டுவிட்டு அவர் காலைத்தான் பார்ப்பாள்.

ஓய்வு பெற்ற கையோடு எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அன்றோடு வீட்டில் இனிப்புக்குத் தடை விழுந்தது. மனைவியின் கண்ணில் மண்ணைத் தூவுவது லேசில்லை. ஆனால் ஒரே ஒரு சந்து மட்டும் திறந்திருந்தது. சாயங்காலம் அவள் சுவரைப் பார்த்தபடி அடுப்படியில் நின்று டீ போடுவாள். தண்ணீரை வைத்ததும் புகைபோக்கி விசிறியைத் தட்டிவிடுவாள். அது மேடேறும் பழைய வண்டி போல உறுமும். அந்தச் சத்தத்தில்தான் டிரைவர் தண்ணீர் குடிக்க வருவார். ஃபிரிட்ஜின் தலையில் பேரப்பிள்ளைகள் வந்தால் கொடுப்பதற்கென்று ஒரு டப்பா நிறைய கிரீம் பிஸ்கட் இருந்தது. மூடி திறக்கும் ஓசை விசிறியில் அமுங்கிவிடும். ஒன்றே ஒன்று, முழுதாக வாய்க்குள். அந்த ஒரு பிஸ்கட்டை நம்பித்தான் அவர் மற்ற நேரமெல்லாம் நல்ல பிள்ளையாக இருந்தார்.

இந்த ஏற்பாட்டுக்கு உலை வைத்தது கொழுந்தியாள். ஒருநாள் வந்தவள் அடுப்புக்குப் பின்சுவரில் எண்ணெய் தெறித்துத் தெறித்துப் பழுத்திருந்ததைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"என்னக்கா இது, பஸ் ஸ்டாண்டு சுவர் மாதிரி இருக்கு? எங்க வீட்டுல இவர் எவர்சில்வர் தகடு அடிச்சுட்டாரு. ஒரு தடவை துடைச்சா பளிச்சுன்னு ஆயிடும்."

பஸ் ஸ்டாண்டு என்றதைக்கூட டிரைவர் பொறுத்துக்கொண்டிருப்பார். 'இவர் அடிச்சுட்டாரு' என்பதுதான் சுருக்கென்று தைத்தது. சகலைக்கு ஆணிக்கும் திருகுக்கும் வித்தியாசம் தெரியாது.

மறுநாளே செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி அளவெடுத்தார். பிளக் வருகிற இடத்தை அதிலேயே வெட்டி எடுத்தார். தாளைச் சுருட்டிக்கொண்டு தகட்டுக் கடைக்குப் போனார்.

"பளபளப்பில்லாத மேட் தகடு போட்டுக்குங்க சார். கை ரேகை, கறை எதுவும் தெரியாது," என்றார் கடைக்காரர்.

"சகலை வீட்டுல என்னது?"

"அவர் எங்க வாங்கினாருன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"மேட்டாத்தான் இருக்கும். நமக்கு முகம் பார்க்கிற மாதிரி பளபளன்னு ஒண்ணு குடுங்க."

தகட்டின் மேல் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. அடுப்பு பற்றவைக்கும் முன் அதை உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் உருகும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சுவரைச் சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்தினார். மெயினை அணைத்துவிட்டு பிளக்கின் மூடியைக் கழற்றினார். தகட்டின் முதுகில் பசையைப் பாம்பு பாம்பாகப் பிதுக்கி, தூக்கி நிறுத்தி, பழந்துணியால் நடுவிலிருந்து ஓரம் வரை அழுத்தினார். பிளக் துளை அச்சாகப் பொருந்தியது. டேப் போட்டு ராத்திரி முழுவதும் விட்டார். காலையில் மனைவி குளிக்கப் போயிருந்தபோது, அழகு பார்க்க ஆசைப்பட்டு, முக உயரத்தில் ஒரு மூலையை மட்டும் உரித்தார்.

வலது கால் தரையை அழுத்தியது.

தகட்டுக்குள் ஃபிரிட்ஜ் இருந்தது. அதன் தலையில் பிஸ்கட் டப்பா இருந்தது. டப்பாவின் மேல் எழுதியிருந்ததுகூடத் தெரிந்தது. ஆயுள் முழுவதும் கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் வருகிறவனைப் பிடித்த மனிதர், தன் வீட்டில் தன் கையாலேயே தனக்கு எதிராக ஒரு கண்ணாடியைப் பொருத்தியிருந்தார்.

நீலத் தாளைத் திரும்ப ஒட்டித் தேய்த்தார்.

"ஏங்க, அந்தத் தாளை உரிக்கலையா?" தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள் மனைவி.

"பசை இறுகணும். தாளு இருந்தாத்தான் இறுகும்."

"தாளு முன்பக்கம் இருக்கு. பசை பின்பக்கம்தானே இருக்கு?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. சின்ன அடுப்பு மட்டும் பத்த வை. அதுவும் சிம்முல."

அன்று சாதம் வேகவே மதியமாகிவிட்டது. மறுநாள் அவளுக்குப் பொறுமை போயிற்று. பெரிய அடுப்பைப் பற்றவைத்தாள். சிறிது நேரத்தில் தாள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, வீடெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம். அடுப்பை அணைத்துவிட்டு, "பசை இறுகுது பாருங்க" என்று சொல்லியபடி அவள் ஒரே இழுப்பில் தாளை உரித்தாள்.

"அடேயப்பா! நீங்க வாசல்ல நிக்கிறது கூட தெரியுதே. எவ்வளவு வசதி!"

"ஆமாமா, ரொம்ப வசதி," என்றார் டிரைவர்.

அதன்பிறகு அவர் பட்டினிதான், பிஸ்கட் விஷயத்தில். தண்ணீர் குடிக்க வருவார். தகட்டில் மனைவியின் கண்கள் இருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவார். இத்தனை தண்ணீர் அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. அக்கம்பக்கத்தார் தகட்டைப் பார்த்து மெச்சியபோது ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் தலையாட்டுவது போல ஆட்டினார்.

ஒரு சாயங்காலம் ஆசை விட்டுப்போய், சமையலறை மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தார். விசிறி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடி பார்க்கும் பழக்க தோஷத்தில் பார்வை தகட்டுக்குப் போனது. தகட்டில் மனைவியின் முகம். அதில் கன்னம் அசைந்துகொண்டிருந்தது.

அவளுக்கு ரத்தக்கொதிப்பு. உப்பு ஆகவே ஆகாது. கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால் கை போவதும், உருளைக்கிழங்கு வறுவலோடு திரும்புவதும் வாய்க்குள் மறைவதும், பஸ்ஸின் ரியர் வியூ கண்ணாடியில் பார்ப்பது போலத் துல்லியமாகத் தெரிந்தன. விசிறி எதற்காக இத்தனை வருஷம் உறுமியது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

தகட்டுக்குள் கண்கள் சந்தித்தன. கன்னம் நின்றது.

"வாயில என்ன?"

"உப்பு... உப்பு சரியா இருக்கான்னு பார்த்தேன்."

"அடுப்புல கொதிக்கிறது டீத்தண்ணி."

அவள் நிதானமாக மென்று விழுங்கினாள். பிறகு திரும்பாமலே தகட்டைப் பார்த்துச் சொன்னாள்: "தகடு வந்ததுலேருந்து டப்பாவுல பிஸ்கட் குறையவே மாட்டேங்குது. அதுவும் ஏன்னு பார்த்தேன்."

டிரைவர் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்பதை அவள் சொல்லவில்லை. டீ வந்தது. இருவரும் குடித்தார்கள்.

அடுத்த வாரம் அவர் டப்பாவைத் திறந்தபோது பிஸ்கட்டுகள் எல்லாம் பாதி பாதியாக உடைத்து அடுக்கியிருந்தன. மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்த பெரிய வறுவல் பொட்டலமும் காணாமல் போய், அங்கே சின்னப் பொட்டலம் ஒன்று இருந்தது. அதை யார் வாங்கி வைத்தார்கள் என்று மனைவி கேட்கவில்லை. தகடு முழுவதும் தினம் துடைக்கப்பட்டது. முக உயரத்தில் மட்டும், ஒரு தட்டு அளவுக்கு, எண்ணெய்ப் படலம் மங்கலாகத் தங்கிவிட்டது; அதில் பின்னால் நிற்பவர் தெரியமாட்டார்.

கொழுந்தியாள் மறுபடி வந்தாள். தகட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"அத்தான், நல்லாத்தான் போட்டிருக்கீங்க. எங்க வீட்டுல கூட இப்படிப் பளபளப்பு இல்லை. ஆனா நடுவுல என்ன இப்படி எண்ணெயா கிடக்கு?"

"அது போகாதுடி. என்ன போட்டாலும் போகாது," என்றாள் அக்கா, அவசரமாக.

"ஏன் போகாது? ஈரத்துணியைக் கொண்டா, ஒரு தேய்ப்பு போதும்." அவளே துணியை எடுத்துத் தகட்டருகே கையைக் கொண்டுபோனாள்.

"ஏய், விடுடி!" என்று கத்தினாள் மனைவி.

மேஜைக்கு அடியில் டிரைவரின் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது.