நான் அறுத்த கயிறு

என் புருஷனின் இடுப்பிலிருந்த அரைஞாண் கயிற்றை அறுத்தவள் நான்தான். ஞானஸ்நானம் எடுப்பதற்கு முந்தைய சாயங்காலம், தாயில்பட்டியில் எங்கள் வீட்டு அடுப்படியில் வைத்து, தையல் கத்தரிக்கோலால் அறுத்தேன். சிவப்புக் கயிறு. அதில் சின்னதாய் ஒரு வெள்ளித் தாயத்து. அவர் கைக்குழந்தையாய் இருந்தபோது சீக்கு வந்து பிழைத்ததற்காக என் மாமியார் கட்டியது. கயிறு நைந்தால் புதுசு மாற்றுவார்கள். தாயத்து மட்டும் அதேதான்.

எங்களுடையது நகை போடாத சபை. தண்ணீரில் இறங்குகிறவர்கள் தாலி, கம்மல், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். என் தாலியை நான் ஒரு நிமிஷத்தில் கழற்றிவிட்டேன். இவர்தான் இழுத்தடித்தார்.

"இதுவுமா புள்ள? சட்டைக்குள்ளதான கெடக்கு, யாருக்குத் தெரியப்போவுது?"

"கர்த்தருக்குத் தெரியும். சும்மா நில்லுங்க" என்றேன்.

மாமியார் நிலைப்படியில் நின்று கத்தினார். அவர் சபைக்கு வந்ததில்லை, இன்றுவரை வரவில்லை. "அரைஞாண் இல்லாம ஆம்பள இருப்பானா? பொணத்துக்குத்தான் அத அறுப்பாக! உசுரோட இருக்கிறவன் கயித்துல கத்தரிய வைக்காதடி!"

"உங்க பயத்துக்கெல்லாம் எங்க ஏசு கட்டுப்பட்டவர் இல்ல அத்த" என்று சொல்லிக்கொண்டே அறுத்தேன். அப்படி ஒரு வைராக்கியம் எனக்கு. வாய்க்கொழுப்பு என்றும் சொல்லலாம். மாமியார் தரையில் விழுந்ததைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மறுநாள் வெம்பக்கோட்டை அணைத் தண்ணீரில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு இவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "இடுப்பு வெறிச்சுனு இருக்கு புள்ள" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் நன்றாகத்தான் இருந்தோம். மாமியாரும் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் பேசத் தொடங்கிவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை காலையில் அந்தச் சத்தம் கேட்டது. நான் வேறொரு பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் யாரும் "என்னது?" என்று கேட்பதில்லை. "எந்தக் கம்பெனி?" என்றுதான் கேட்பார்கள். அவர் வேலை பார்த்த கம்பெனி என்றார்கள். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

வெடிமருந்து இருக்கிற இடத்துக்குச் செருப்புக் காலோடு போகக் கூடாது. உரசினால் பற்றிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு ரூம் வாசலிலும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவார்கள். வெடி விபத்து நடந்தால் எங்கள் ஆட்கள் முதலில் தேடுவது செருப்பைத்தான். இடிந்த ரூம் வாசலில் எந்தச் செருப்பு கிடக்கிறதோ அந்தச் செருப்புக்காரர் வீட்டில் அழுகை தொடங்கிவிடும்.

இவருடைய செருப்பு அங்கே இல்லை. அவர் வேலை பார்த்தது பேக்கிங் ரூமில், அது தள்ளி இருந்தது. அதில் ஒரு ஓடுகூட உடையவில்லை. அதன் வாசலில் அவர் செருப்பு ஜோடியாகக் கிடந்தது.

போர்மேன் என்னிடம் வந்தார். "அழாத தாயி. செருப்பு இங்கன கெடக்கு பாரு. பேக்கிங் ரூம் ஆளுக அம்புட்டுப் பேரும் வேலியத் தாண்டி ஓடிட்டாக. உம் புருசனும் ஓடிருப்பாரு. வந்துருவாரு."

அந்தச் செருப்பை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டேன். பேக்கிங் ரூம் ஆட்கள் ஒவ்வொருவராகக் கருவேலங்காட்டிலிருந்து முள் கீறிய காலோடு திரும்பி வந்தார்கள். இவரை மட்டும் காணோம். யாரும் பார்க்கவும் இல்லை. அந்த நேரத்தில் யார் யாரைப் பார்ப்பார்கள்? முன்பு ஒரு விபத்தில் இப்படித்தான் ஒருவர் காது அடைத்து, புத்தி கலங்கி ஓடிப்போய், மூன்றாம் நாள் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாராம். வந்தவர்கள் எல்லோரும் எனக்கு அந்தக் கதையையே சொன்னார்கள். மூன்றாம் நாள் என்ற வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து உடல்களை எடுத்தார்கள். முகம் பார்க்கிற நிலையில் ஒன்றுகூட இல்லை. ஒருத்தியைக் கொலுசை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஒருத்தியைத் தாலியை வைத்து. ஒருத்தருக்கு மோதிரம், ஒருத்தருக்கு இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண். ஐந்தாவது உடலில் ஒரு பொட்டு நகை இல்லை, கயிறு இல்லை, ஒன்றுமே இல்லை. அன்றைக்கு ரிஜிஸ்டரில் பேர் இல்லாத ஆட்களும் வேலைக்கு வந்திருந்ததால் அது யாரென்று கம்பெனிக்கும் தெரியவில்லை. விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்கு வந்து பார்க்கும்படி எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

"எதுக்குப் பார்க்கணும்? எம் புருசன் செருப்பு வெளிய கெடந்தது. அது வேற யாரோ" என்று வந்த போலீஸ்காரரை ஏசி அனுப்பினேன்.

மாமியார் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கயிறு இருந்திருந்தால் தெரிந்திருக்குமே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன், மனசும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வியாழக்கிழமையோடு மூன்று நாள் ஆனது. அவர் வரவில்லை. சரி, கணக்கைப் பெரிய வெள்ளியிலிருந்து வைத்துக்கொள்வோம், இயேசுவே அதிலிருந்து மூன்றாம் நாள்தானே எழுந்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது அது எனக்கு அம்மாப்பெரிய வெளிச்சமாகத் தெரிந்தது. பெரிய வெள்ளி ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என் புருஷன் உயிரோடு வருவார் என்று கர்த்தர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றேன். கர்த்தர் ஒன்றும் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டது அது. சபையார் அல்லேலூயா சொன்னார்கள். பாஸ்டர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை விடியவும் மாமியார் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

"எங்க போறீக அத்த?"

"விருதுநகருக்கு. பெத்தவ ரத்தம் குடுத்தா அது யாருனு கண்டுபிடிச்சிருவாகளாம்."

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நாளைக்கி வரப்போற மனுசனுக்கு..."

"நீ நம்பிக்கிட்டு இரு தாயி. ஒன்னய நான் ஒண்ணும் சொல்லல. நான் பெத்தவ. எனக்குத் தெரிஞ்சாகணும்."

கோபத்தில் நான் கூடப் போகவில்லை. அவரைத் தனியாகப் பஸ் ஏற விட்டேன். அவர் திரும்பி வந்து படுத்தார், முழங்கைக்குள் ஒரு துண்டுப் பஞ்சு ஒட்டியிருந்தது.

ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனைக்கு அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து, செருப்போடு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நேராகச் சபைக்கு வந்துவிட்டால் போட்டுக்கொள்ள வேண்டுமே. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று பாஸ்டர் சொன்னதும் என் சத்தம்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. கண் முழுக்க வாசலில்தான் இருந்தது.

வாசலில் ஒரு ஆள் வந்து நின்றது உண்மை. இவர் இல்லை. எங்கள் தெருவிலேயே குடியிருக்கிற ஒரு பெண்ணின் தம்பி. அவள் இடிந்த ரூமில் மருந்து செலுத்துகிறவள். அந்த ரூமில் பிழைத்தது அவள் ஒருத்திதான். சிவகாசி ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் நாலைந்து நாளாகப் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். "அக்கா கண்ணு முளிச்சிருச்சு. ஒங்களத்தான் கேக்கு" என்றான்.

இவர் எந்தப் பக்கம் ஓடினார் என்று அவள் பார்த்திருப்பாள், அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஆட்டோவில் போகிற வழியெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனேன்.

அவளை வாழை இலையில் படுக்க வைத்திருந்தார்கள். இவரை அண்ணன் என்றும் என்னை மதினி என்றும்தான் கூப்பிடுவாள். குரல் எழும்பவில்லை, குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அண்ணன் வெளியதான் இருந்தாக மதினி. மொத சத்தத்துக்கு ஓடியாந்தாக. எம் மணிக்கட்டப் பிடிச்சு இழுத்து வெளிய போட்டாக. உள்ள இன்னும் ஒரு அக்கா இருக்குன்னு நான்தான் கத்துனேன். 'இரு, இந்தா வாரேன்'னாக. உள்ள போனாக. அப்பத்தான் ரெண்டாவது சத்தம்..."

ஆக, செருப்பு சொன்னதும் பொய்யில்லை. அவர் வெளியே பத்திரமாகத்தான் இருந்தார். வெறுங்காலோடு உள்ளே போனவர்.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? வெந்து கிடந்தவளைப் பார்த்து, "நீ எதுக்குடி பொளைச்ச?" என்று கேட்டேன். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

அவள் அழவில்லை. "அதான் மதினி எனக்கும் தெரியல" என்றாள்.

பிறந்ததிலிருந்து கேட்ட வேதம் இல்லை எனக்கு, கல்யாணத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. ஆனால் வந்த நாளிலிருந்து இயேசு எனக்காகச் செத்தார் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். பாடியிருப்பேன், இனிக்க இனிக்க அழுதிருப்பேன். அப்போதெல்லாம் நான் பிழைத்தவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிழைத்தவர்களுக்கு அது நல்ல செய்திதான். அந்தப் பக்கம் சிலுவையடியில் அவரைப் பெற்றவள் நின்றாளே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அவளும் யாரையாவது பார்த்து, நீ எதுக்குப் பிழைத்தாய் என்று கேட்டிருப்பாளோ? வேதத்தில் அது இல்லை. கேட்டிருந்தால் நான் அவள் காலைக் கட்டிக்கொள்வேன்.

மூன்று வருஷம் ஆகிறது. பிழைத்த அந்தப் பெண் சாமி கும்பிடுகிற வீட்டுக்காரிதான், ஆனாலும் வருஷம் தவறாமல் ஈஸ்டர் அன்று இவர் கல்லறைக்கு வந்துவிடுகிறாள். அவளைக் கண்டால் மாமியார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். அவர் மகன் கடைசியாகப் பிடித்த இடம் அதுதானே. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வருகிறது, நின்றுவிடுகிறது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோறு போடுகிறேன், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்கிறேன், அதற்கு மேல் முடியவில்லை.

அந்த ஈஸ்டருக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வர இன்னும் சில நாள் ஆனது. அவர்தான். வெள்ளைத் துணியில் சுற்றி, பிரிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைத் திறந்து வைத்தபோது உள்ளே இருந்தது ஒரு சின்னப் பொட்டலம். ஆறடி மனுஷன். பாஸ்டர் பேசினார். பிறருக்காக உயிரைக் கொடுத்தவர், ஆண்டவர் காட்டிய வழியிலேயே போனவர், கடைசி நாளில் மகிமையோடு எழுந்திருப்பார் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியை மூடப் போகும் நேரத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மாமியார் முன்னே வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். சிவப்புக் கயிறும் தாயத்தும். ஆறு வருஷமும் அதை வைத்திருந்திருக்கிறார்.

"நீதான அறுத்த. நீயே கட்டி விடு" என்றார்.

சபையே பார்த்துக்கொண்டிருந்தது. "அத்த, இதெல்லாம் இப்ப... வேண்டாமே" என்றேன். அந்த நிலையிலும் எனக்குச் சபைதான் கண்ணில் பட்டது.

அவர் சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"செத்தவக எல்லாரும் ஒரு நா எந்திரிப்பாகன்னு நீங்கதான சொல்றீக. எந்திரிக்கட்டும். எம் மகனும் எந்திரிக்கட்டும். அம்புட்டுக் கூட்டத்துல உங்க ஏசு அவன எத வச்சுக் கண்டுபிடிப்பாரு? ஆசுபத்திரிக்காரனாலயே முடியலயே. இந்தத் தடவ நான் இருந்தேன், ரத்தம் குடுத்தேன். அன்னைக்கி ரத்தம் குடுக்க நான் இருக்க மாட்டனே தாயி."

பாஸ்டரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "கட்டுங்க சிஸ்டர்" என்றார்.

கயிற்றை வாங்கினேன். நான் அறுத்த இரண்டு முனையும் பிரிந்து நூல் நூலாக இருந்தன. பொட்டலத்தில் இடுப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவாகப் பார்த்துச் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து இறுக்கி முடிந்தேன். மாமியார் குனிந்து தாயத்தை முன்பக்கமாகத் திருப்பி வைத்தார், பார்த்ததும் தெரிகிற மாதிரி.