இரண்டு அரை ஆட்களைத் தேடிய கதை

என்னை முதலில் கெடுத்தவர் தவராசா. பெயரைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். எங்கள் தமிழ் ரக்பி லீக் கழகத்தின் தலைவர் அவர். தொழில் கணக்காளர். வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய்.

அங்கே எனக்கு வாய்த்த, அணிக்கு ஆள் தெரிவு செய்கிற வேலை என்பது ஊரிலுள்ள எல்லாத் தாய் தகப்பனையும் ஒரே வாரத்தில் பகைத்துக்கொள்கிற வேலை. கலியாணத்துக்குச் சமையல்காரர் பிடித்தவர்கள், பழைய மாணவர் சங்க நாடகத்தில் ராசா வேடம் யாருக்கு என்று தீர்மானித்தவர்கள், கோயில் திருவிழாவில் யாருக்கு மைக் கொடுப்பது என்று முடிவெடுத்தவர்கள் இதை வாசிக்கும்போது தங்கள் முதுகையும் ஒருமுறை தடவிக்கொள்வார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். பதினைந்து பேர் குவியலாக விழுந்து கிடக்கிற ரக்பி இல்லை இது. இதில் பதின்மூன்று பேர். ஆறு தடவை உங்களை மடக்கிப் பிடிக்கும்வரை பந்து உங்களுடையது, பிறகு அது எதிர்ப்பக்கத்துக்கு. அதற்குள் யார் எங்கே ஓடுவது, எப்போது பந்தை உதைப்பது என்று ஆட்டத்தைக் கட்டுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஆறாம் இலக்கம், மற்றவர் ஏழாம் இலக்கம். இங்கிலீசில் அவர்களை ‘ஹாஃப்’, அதாவது ‘அரை’, என்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்த புதிதில் வடக்கே ஒரு பிஸ்கட் ஃபக்டரியில் வேலை செய்தேன். அந்த ஊரில் பால் போத்தலை விட்ட பிள்ளை அடுத்ததாக இந்தப் பந்தைத்தான் பிடிக்கும். அங்கே பார்த்துப் பழகியது.

போன பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு ஆறாம் இலக்கமாக நான் தெரிவு செய்தவன் கிருபன். லூயிஷாமில் இருக்கிறான், வீடுகளுக்கு வயரிங் செய்கிற பெடியன். ஆட்டத்துக்கு முதல் நாள் தவராசா அவனைத் தூக்கிவிட்டுத் தன் தங்கச்சியின் மகன் மயூரனைப் போட்டார். தோற்றோம். லீக்கில் கடைசி இடம். பிறகு விருந்தில் எழுந்து நின்று என்னைக் காட்டி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், “தெரிவு பிழைச்சுப்போச்சு. எங்கட அண்ணைக்கும் வயசு போட்டுதுதானே.” சபை சிரித்தது. என் கையில் கடித்த பாதிக் கோழிக்கால். அது தன் தெரிவு என்று அந்த மனிசன் இன்றைக்கும் சொல்லவில்லை.

இந்தப் பருவமும் கடைசி என்றால் பக்கத்து வெள்ளைக்காரக் கழகத்தோடு எங்களைச் சேர்த்துவிடுவோம் என்று லீக்காரர் சொல்லிவிட்டார்கள். எங்கள் பெயரும் போகும், மஞ்சள் சட்டையும் போகும். ஆகவே இரண்டு நல்ல ஹாஃப் வேண்டும். ஆறுக்கு என் மனதில் இன்னும் கிருபன்தான், ஏழுக்கு ஆள் இல்லை. தேடினேன். தேடப்போய்ப் பட்டதைக் கேளுங்கள்.

மற்றப் பாதி ஆர்?

கோலியர்ஸ் வுட்டில் சஞ்சீவன் என்று ஒரு பெடியன். வங்கியில் வேலை, கையும் காலும் நல்ல வேகம். அவனுடைய ஃபோன் எடுபடவில்லை என்று வீட்டுக்கு அடித்தேன். தகப்பன் எடுத்தார். “சஞ்சீவனை ஏழாம் இலக்கத்துக்குப் போடுவம் எண்டு யோசிக்கிறம். ஹாஃப்” என்றேன். “ஹாஃபோ? அப்ப மற்றப் பாதி ஆர் விளையாடுறது?” என்றார். அது நிற்கிற இடத்தின் பெயர், முழு ஆட்டமும் நிற்பான் என்றேன். “முழு ஆட்டமும் நிண்டா பிறகேன் ஹாஃப் எண்டுறீங்கள்?” உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “ஃபுல் பாக் எண்டு ஒண்டு இருக்காமப்பா, அதைக் கேளுங்கோ!”

என் தேத்தண்ணி ஆறி ஆடை படரும்வரை விளக்கினேன். மூத்த மகள் டொக்டராம், இரண்டாவது மகன் இஞ்சினியராம், கடைசிப் பிள்ளையை மட்டும் பாதியாகக் கொடுக்க ஏலாதாம். இத்தனைக்கும் இந்த மனிசன் வீட்டுப் பின்பக்கத்தில் கட்டத் தொடங்கிய அறை பல வருசமாகக் கூரையில்லாமல் மழையில் நனைகிறது. அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த மனிசன்தான் சொன்னார், “குறை நினைக்காதேங்கோ அண்ணை, எங்கட குடும்பத்தில ஒருத்தரும் அரையில நிண்டதில்லை.”

முதுகில் ஏழு

அடுத்தவன் நிரோஷன். இவனுக்கு ஹாஃப் என்றால் என்ன என்று தெரியும். சம்மதித்துச் சட்டையும் வாங்கிக்கொண்டு போனான். அடுத்த பயிற்சிக்குத் தாயும் காரில் கூடவே வந்திறங்கினார். கையில் அந்தச் சட்டை, மடிப்புக் கலையாமல். “அண்ணை, இவருக்கு இப்ப ஏழரைச் சனி. தலையில ஏழரை நடக்கேக்க முதுகிலயும் ஏழைப் போட்டுக்கொண்டு ஓடலாமோ?” ஐயரிடம் கேட்டாராம், ஆறு திறமான இலக்கமாம். ஆறு கிருபனுக்கு என்றேன். அப்படியென்றால் கூட்டினால் ஆறு வருகிற இலக்கம் தரட்டாம். ஒன்றும் ஐந்தும் ஆறு. பதினைந்து.

இந்த ஆட்டத்தில் ஒன்றிலிருந்து பதின்மூன்றுவரை உள்ளே. பதினைந்து என்றால் வெளியே வாங்கில் குந்தியிருக்கவேண்டியதுதான். சொன்னேன். நிரோஷன் தலையைக் குனிந்துகொண்டு, “அம்மா, that's the bench” என்றான். தாய்க்கு அதெல்லாம் பொருட்டில்லை. வளர்ந்த ஆம்பிளை, தாடியும் வைத்திருக்கிறான், தாய் எடுத்து நீட்டிய பதினைந்தாம் இலக்கச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டான். அன்றைய பயிற்சி ஆட்டம் முழுக்கக் குளிரில் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு இருந்தான். முடிந்ததும் தாய் ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டு வந்து எனக்கே நன்றி சொன்னார். “பாத்தீங்களே அண்ணை, ஒரு கீறல் இல்லாமல் சனி பகவான் காப்பாத்திப்போட்டார்.”

நடக்கிறவன்

ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை எங்களுக்கு உதவி செய்ய வருவார். பெயர் கார்த்திக். கம்ப்யூட்டர் வேலை. நல்ல மனம்தான், ஆனால் தவராசா கூட்டிக்கொண்டு வந்த ஆள். விளையாடுகிறவர்களுக்கு உள்சட்டை மாதிரி ஒன்றைப் போட்டுவிடுவார். யார் எவ்வளவு ஓடினான், என்ன வேகம் என்று அது அவருடைய ஃபோனுக்கு அனுப்புமாம். அந்தச் சட்டைகளுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு.

ஒரு பயிற்சி ஆட்டம் முடிந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். “அங்கிள், கிருபன் எல்லாரையும் விடக் கம்மியா ஓடியிருக்கான். பாதி நேரம் நடக்கிறான். சில நேரம் சும்மாவே நிக்கிறான்.” தம்பி, அவன் நின்றுதான் பார்ப்பான், பார்த்துத்தான் மற்றவனை ஓடவைப்பான் என்றேன். கலியாண வீட்டில் அங்கும் இங்கும் ஓடுகிறவனா சமையலைப் பார்க்கிறான்? அவருக்குப் பிடிபடவில்லை. அப்படியென்றால் ஃபோனில் முதலாவதாக வந்தவர் யார் என்று கேட்டேன். மயூரன். தவராசாவின் தங்கச்சி மகன், பல் டொக்டர். அந்த ஆட்டத்தில் மயூரன் ஓடியதை நானும் பார்த்தேன். பந்து எந்தப் பக்கம் வந்ததோ அதற்கு எதிர்ப்பக்கமாக ஓடினான். அதைச் சொன்னதற்குக் கார்த்திக் பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார், “எந்தப் பக்கம் ஓடினா என்ன அங்கிள், டிஸ்டன்ஸ் டிஸ்டன்ஸ்தானே?”

நீ, நீர், நீங்கள்

கடைசியில் ஏழாம் இலக்கத்துக்கு ஆதவன் கிடைத்தான். மருந்துக்கடையில் வேலை. இங்கே பிறந்தவன், ஆனால் தாய் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். உச்சரிப்பு என்னைவிடச் சுத்தம். கையால் எறிகிற பந்து கோடு கீறியமாதிரிப் போகும். இனிக் கவலையில்லை என்று நினைத்தேன்.

ஏழாம் இலக்கம் கத்தவேண்டும். எங்கள் முன்வரிசையில் பாலா அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர், கடைகளுக்கு அரிசி மூட்டை இறக்குகிறவர், அவரைத் தள்ள ஒரு லொறி வேண்டும். அவரை இடப்பக்கம் ஓடச் சொல்லவேண்டும். பயிற்சி ஆட்டத்தில் ஆதவன் சொன்னான், “பாலா அண்ணை, நீங்கள் ஒருக்கா இடதுபக்கமா வரேலுமோ?” அவன் ‘ஏலுமோ’வுக்கு வருவதற்குள் எதிரிகள் மூன்று பேர் அவன்மேல் ஏறிப் படுத்திருந்தார்கள். எழும்பி வாயிலிருந்த புல்லைத் துப்பினான். மரியாதையைக் கொஞ்சம் குறை என்றேன். அடுத்த தடவை ‘நீர்’ என்று ஒரு படி இறங்கினான். அதற்கும் நேரம் போதவில்லை. வெறும் ‘வா’ போதும் என்றேன். “வா! இடது!” என்று ஒரு கத்தல். அருமையான பந்து. பாலா அண்ணை ஓடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். பந்து அவருக்குப் பக்கத்தால் போய்ச் சேற்றில் விழுந்தது. “ஆரைப் பாத்து வா எண்டுறீர்? உம்மட கொப்பரே என்னை வாங்கோ எண்டுதான் கூப்பிடுறவர்.”

இங்கிலீசில் கத்தச் சொன்னேன், அதில் இந்தப் படிகள் இல்லையே என்று. ‘லெஃப்ட்’ என்று கத்தினான். அதுவும் தன்னைப் பார்த்து அதட்டினமாதிரி இருந்ததாம். ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கலாம், இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பந்து போய்விட்டதே அண்ணை என்று நான் கத்த, பாலா அண்ணை சேற்றைத் துடைத்துக்கொண்டு சொன்னார், “பந்து நாளைக்கும் வரும். மரியாதை போனால் வராது.”

தவராசாவும் ஒரு எழுத்தும்

கடைசித் தெரிவுக்கான கூட்டம் கோலியர்ஸ் வுட்டில் ஒரு சின்ன மண்டபத்தில். வாக்கு மூன்று பேருக்கு. தவராசா, நான், எங்கள் அணி டொக்டர் சுகந்தி. ஏழுக்கு ஆதவன் என்பதில் பேச்சில்லை. ஆதவன் பணிவாகச் சொல்லட்டும், கத்துவதைக் கிருபன் பார்த்துக்கொள்வான் என்றேன். கிருபனுடைய பெயரைக் கேட்டதும் தவராசா ஏலக்காயைக் கடித்தார். “அவன் வேண்டாம்” என்றார். ஏன் என்றேன். வயது, வேகம், கார்த்திக்கின் ஃபோன் என்று எல்லாம் சொன்னார். நான் அசையவில்லை. கடைசியில் வெளியே வந்தது. “அவன் என்னை ‘நீ’ எண்டவன்.”

போன பருவத்தில் ஒரு ஆட்டத்தின் நடுவில் வீடியோ எடுக்கிறேன் என்று தவராசா ஃபோனோடு கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். கிருபன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே, “நீ வெளியில போ!” என்று கத்தினான். அந்த ஒற்றை எழுத்துக்காகத்தான் அவனைத் தூக்கினார், அதற்காகத்தான் தோற்றோம், பழி மட்டும் என் வயதுக்கு. சுகந்தி சிரித்துவிட்டார். “உங்களை மட்டுமோ? கட்டுப் போடப் போன என்னையும் ‘விலத்து’ எண்டவன். விலத்தி ஓரமா நிண்டன், எங்கட பெடியள் புள்ளி எடுத்தவங்கள்.” அவருடைய வாக்கு கிருபனுக்கு. அந்த நேரம் பார்த்து மயூரனிடமிருந்து தவராசாவின் ஃபோனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. தவராசா தெரியாமல் சத்தமாகப் போட்டுவிட்டார். “மாமா, ஆறாம் இலக்கம் வேண்டாம். எல்லாரும் கையிலதான் விழுறாங்கள். விரல் முறிஞ்சா நான் எப்பிடிப் பல்லுப் புடுங்கிறது? என்னை ஓரத்தில போடுங்கோ.”

இப்போதாவது அந்தச் சொல் வரும் என்று நான் காத்திருந்தேன். ‘அது என்ர பிழை அண்ணை’, அவ்வளவுதான். தவராசா நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு சுகந்தியைப் பார்த்துச் சொன்னார், “கிருபன்தான் சரி, நான் போன வருசமே சொன்னனான்.”

பக்கத்துக் கழகம்

பருவத்துக்கு முன் ஒரு பழக்க ஆட்டம். யாரோடு? எங்களை விழுங்கக் காத்திருக்கிற அதே பக்கத்துக் கழகத்தோடு. முதற்பாதியில் கிருபன் நின்றான், பார்த்தான், கத்தினான். பாலா அண்ணையைக்கூட ‘நீ’ என்றான். பாலா அண்ணை கோபத்தில் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு ஓடிப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தார். நாங்கள் முன்னுக்கு. இடைவேளையில் தவராசா பக்கத்துக் கழகச் செயலாளரான ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்குக் கை கொடுத்து, கிருபன் தன்னுடைய தெரிவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். கிருபன் பந்தை உயர உதைத்தான். மூலையில் மயூரனின் தலைக்கு நேரே, பிடித்தால் வெற்றி. மயூரன் பார்த்தான், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பந்து தரையில் குதித்து எதிரியின் நெஞ்சில் போய் ஒட்டியது. அவன் மைதானத்தின் மறுகரைவரை ஓடினான். தோற்றோம். கிருபன் மயூரனைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத ஏலாது. ஆதவன் அதையே மரியாதையாகச் சொன்னான். கிழவர் என்னிடம் வந்து, உங்கள் பெடியன்களுக்கு எந்த அளவுச் சட்டை வேண்டும் என்று கேட்டார். பகிடிக்குக் கேட்டமாதிரித் தெரியவில்லை. நான் பதில் சொல்வதற்குள் தோளில் ஒரு கை விழுந்தது, ஏலக்காய் வாசம். “அண்ணை, உங்கட ஆள் கிருபன் கவிட்டுப்போட்டான்.”

வருகிற ஞாயிறு பருவம் தொடங்குகிறது. வென்றால் கிருபன் தவராசாவின் ஆள், தோற்றால் என் ஆள், எப்படிப் போனாலும் தவராசா எனக்குச் சொல்லவேண்டிய அந்தச் சொல்லை மட்டும் இன்னும் ஒருவரும் தெரிவு செய்யவில்லை.