சோலைவரிச் சலுகையை மறுத்த அக்கா

எங்கள் அக்கா இறுப்பிட்டியில் பிறந்து, மண்கும்பானில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே கண்ணை மூடினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய பிள்ளைகள் மூவரும் தாய்மாமனாகிய என்னைக் கேட்டார்கள். வாசித்துப் பார்க்கத் தங்களுக்கு நேரமில்லை என்றும், நேரே அச்சகத்தில் கொடுத்துவிடும்படியும் சொன்னார்கள். நல்லதாய்ப் போயிற்று.

அத்தான் இளவயதிலேயே போய்விட்டார். அக்கா புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பியபோது வீட்டில் சுவர் மட்டும்தான் மிச்சம். அதையும் திரும்பக் கட்டி, மூவரையும் கனடாவுக்கு அனுப்பினார். அவர்கள் அங்கே நன்றாக இருக்கிறார்கள். தாய் எடுக்கும் தொலைபேசிக்குப் பதில் சொல்ல நேரமில்லாத அளவுக்கு நன்றாக இருக்கிறார்கள்.

போன வருடம் முதியோரின் வீடுகளுக்குச் சோலைவரி என்ற வீட்டு வரியைத் தள்ளுபடி செய்வதா என்று பிரதேச சபையில் பெரிய வாதம் நடந்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு எதற்குச் சலுகை என்று ஓர் உறுப்பினர் துள்ளினார். கடைசியில், பிள்ளைகள் கைவிட்ட முதியவர்களுக்கு மட்டும் என்று தீர்மானித்தார்கள். அக்காவுக்காக நான் விண்ணப்பித்தேன். அவரைச் சபைக்கே கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் கேட்டார் தவிசாளர்.

“அம்மா, பிள்ளையள் உங்களைப் பாக்கிறேல்லைத்தானே? ஓம் எண்டு சொல்லுங்கோ, அது காணும்.”

“ஆர் சொன்னது? என்ர பிள்ளையள் என்னை நல்லாப் பாக்கினம்.”

“அப்ப டொலரிலை கட்டச் சொல்லுங்கோவன்” என்றார் அந்த உறுப்பினர். மண்டபமே சிரித்தது.

“ஏன் அக்கா பொய் சொன்னனீங்கள்?” என்று பஸ்ஸில் ஏசினேன்.

“ஊருக்கு முன்னாலை என்ர பிள்ளையளைக் குறைச்சுச் சொல்ல எனக்கு ஏலாது. வரி கட்டாட்டி வீட்டைத்தானே பிடிப்பாங்கள். பிடிக்கட்டும்.”

அதன்பின் ஆடுகளை விற்று ஒரு பகுதி கட்டினார். மீதி நிலுவையில் நின்றது. நான் கொடுத்த காசைத் திருப்பித் தந்து, மகன் அனுப்புவான் என்றார். ஒரு நாள் காலையில் கிணற்றடியில் விழுந்தவரை அயல்வீட்டார்தான் தூக்கினார்கள். அடுத்த நாள் போய்விட்டார்.

பிள்ளைகள் மூவரும் பறந்து வந்தார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு வீட்டை விற்க ஆள் பார்த்தார்கள். நிலுவை தீராமல் காணி உறுதி எழுதி முடிக்க ஏலாது என்றதும் என்னையும் கூட்டிக்கொண்டு சபைக்குப் போனார்கள். மூத்தவன் எழுதுவினைஞரிடம் கொஞ்சமும் கூசாமல் சொன்னான்:

“அம்மாவை நாங்கள் ஒருத்தரும் பாக்கேல்லை. கைவிட்டிட்டம் எண்டே எழுதுங்கோ. மாமா சாட்சி.”

என்னைக் கேட்டார்கள். ஓம் என்றேன். உண்மைதானே.

அக்காவுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த, அவரைத் தூக்கிய அயலவர்களுக்கு எங்கள் நன்றி. நிலுவை முழுவதையும் தள்ளுபடி செய்த சபைக்கும் நன்றி. இன்று வந்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவரும் ஆறுதலாக இருந்து சாப்பிட்டுப் போங்கள். அக்காவை நல்லாய்ப் பார்த்த பிள்ளைகள்தான் பரிமாறுகிறார்கள்.